ஒளிர்ந்த பல்லும் சிவந்த பட்டையும்

ஃப்ளூரைடு உடம்பில் சேர்ந்தால் மனிதன் இருட்டில் ஒளிர்வான் என்று நம்பியிருந்தேன். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. ஐம்பத்திரண்டு வயதில், புத்தி தெளிவாக இருப்பதாக ஊரே நம்பிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை காலையில், பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று, ஈ என்று இளித்து, என் பல்லில் டார்ச் அடித்துப் பார்த்து, "முடிஞ்சது கதை" என்று வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தவன் நான். ஃப்ளூரைடு, ஃப்ளூரசன்ஸ். இரண்டு வார்த்தையும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தால் நான் என்ன செய்வேன்? பெயர் வைத்தவனைத்தான் கேட்க வேண்டும்.

என் தொழில் வாடகைப் பாத்திரம். இண்டூர் சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் அண்டாவும் நாற்காலியும் சாமியானாவும் என் கொட்டகையிலிருந்து போகும். கல்யாண வீட்டில் மைக் பிடித்து நாலு பேரைக் கலாய்ப்பது என் கூடுதல் சேவை. அதைச் செய்யச் சொல்லி யாரும் கேட்டதில்லை. நிறுத்தச் சொல்லித்தான் கேட்டிருக்கிறார்கள்.

மகள் சேலத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆராய்ச்சி செய்கிறாள். நாலு வருஷமாகிறது. என்ன ஆராய்ச்சி என்று சொந்தக்காரர்கள் கேட்டால் "தண்ணி" என்பேன். "போர் போடறதா?" என்பார்கள். "ஆமா" என்றுவிடுவேன். எனக்கு மட்டும் தெரியுமா என்ன?

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவோடு வந்தாள். உள்ளே விரல் நீளத்துக்கு இளமஞ்சள் காகிதப் பட்டைகள். எண்ணி இருபத்துநாலு.

"இதுல நாங்க செஞ்ச மருந்து ஏத்தியிருக்குப்பா. ஆனயான் பட்டா நெறம் மாறும்."

"ஆனையா?"

"ஆனயான். எதிர்மின் அயனி. நீங்க பத்தாவதுல படிச்சிருப்பீங்க."

"பத்தாவதுல நான் படிச்சது கடைசி பெஞ்சுக்குப் பின்னாடி செவுத்துல எழுதியிருந்தது மட்டுந்தான்."

அவள் சிரிக்கவில்லை. வீட்டில் எனக்கு ரசிகர்கள் குறைவு. டப்பாவில் சேராத தனிப் பட்டை ஒன்றை எடுத்து, கொண்டுவந்திருந்த குப்பியிலிருந்து ஒரே ஒரு சொட்டு விட்டாள். மஞ்சள் பட்டை கண்ணெதிரே இரத்தச் சிவப்பானது. அப்புறம் சமையலறை விளக்கை அணைத்து, கள்ளநோட்டு பார்க்கிற மாதிரி ஊதா வெளிச்சம் அடிக்கும் டார்ச்சை அதன்மேல் காட்டினாள். பட்டை ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது. நான் மட்டுமல்ல, என் மனைவியே வாயைத் திறந்தாள். பேசாமல் அந்த வாய் திறந்திருப்பது லேசில் நடக்கிற காரியமில்லை.

"இது ஃப்ளூரைடுக்கு. செவப்பாச்சுன்னா இருக்குன்னு அர்த்தம். நாளைக்கு எட்டு ஊர்ல தண்ணி புடிச்சிட்டு வரப்போறேன். ஊருக்கு மூணு பட்டை. மூணு தடவையும் ஒரே மாதிரி வந்தாத்தான் ஒத்துக்குவாங்க. திங்கக்கெழமை மேடம்கிட்ட காட்டணும். ஊர்த் தண்ணியில வேலை செய்யலைன்னா இந்த அத்தியாயத்தையே எடுத்துருன்னு சொல்லிட்டாங்க."

"இன்னும் கொஞ்சம் செஞ்சிக்கிட்டா போச்சு."

"ஒரு சிட்டிகை மருந்து வர்றதுக்கு ஆறு வாரம் ஆச்சுப்பா. அவ்வளவும் இந்த டப்பாவுலதான் இருக்கு. யாரும் தொடக்கூடாது."

'யாரும்' என்று சொல்லும்போது என்னைத்தான் பார்த்தாள். வீட்டில் இருந்தது மூன்று பேர்.

அதோடு விட்டிருக்கலாம். படுக்கப் போகிற நேரத்தில் நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்ததைப் பார்த்து, "நம்ம பக்கத்துத் தண்ணிக்கு முட்டி வலிகூட ஃப்ளூரைடால இருக்கலாம்ப்பா" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். படித்தவர்கள் இந்த 'லாம்' போட்டே மனுஷனைக் கொல்கிறார்கள். இருக்கு, இல்லை என்று ஏதாவது ஒன்றைச் சொன்னால் என்ன?

எங்கள் பக்கத்தில் பல்லைப் பார்த்துத் தண்ணீரைச் சொல்லிவிடலாம். நிறைய பேருக்கு முன்பல்லில் காவிக்கோடு இருக்கும். எனக்கும் உண்டு. வெற்றிலைக் கறை என்பது என் கட்சி. வெற்றிலை போட ஆரம்பிப்பதற்கு முன்பே இருந்தது, கல்யாண போட்டோவில் நீங்கள் உம்மென்று நிற்பதே அதனால்தான் என்பது மனைவியின் கட்சி. குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது. மனைவி அதைத்தான் பிடித்துக் குடிக்கிறாள், சமைக்கிறாள். நான் மட்டும் அதில் மருந்து வாடை அடிக்கிறது என்று சொல்லி, எங்கள் போர்த் தண்ணீரைச் சொம்பில் பிடித்துக் குடிப்பேன். இளநீர் தோற்கும் என்று தெருவெல்லாம் பெருமையடித்த தண்ணீர்.

சனிக்கிழமை காலையில் மகள் ஊருக்கு இரண்டாகப் பதினாறு காலி பாட்டில்களை ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு மொரப்பூர் பக்கம் கிளம்பினாள். நான் வழக்கம்போலச் சாப்பிட்டு, வழக்கம்போல வெற்றிலை போட்டு, வழக்கத்துக்கு மாறாக ஃப்ரிட்ஜைத் திறந்தேன்.

ஒன்று எடுத்தால் தெரியவா போகிறது என்று நினைத்தேன். இருபத்துநாலில் ஒன்று. பாத்திர வாடகையில் ஒரு கரண்டி காணாமல் போவதில்லையா?

பட்டையின் ஒரு நுனியை இரண்டு விரலால் பிடித்து, சொம்பில் இருந்த போர்த் தண்ணீரில் முக்கினேன். நனைந்த கையோடு தூக்கிப் பார்த்தேன். நான் பிடித்திருந்த நுனியிலிருந்து சிவப்பு கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

பத்து வருஷமாகக் குடிக்கிற தண்ணீர். முட்டி உடனே வலித்தது. அதுவரை வலிக்காத இன்னொரு முட்டியும் வலித்தது.

மூன்று தடவை ஒரே மாதிரி வந்தால்தான் ஒத்துக்கொள்வார்கள் என்று மகளே சொல்லியிருக்கிறாளே என்று இன்னொன்றை எடுத்தேன். சிவப்பு. மூன்றாவதைப் போரில் வீணாக்காமல், அறிவியல் மனப்பான்மையோடு, குடத்தில் இருந்த ஒகேனக்கல் தண்ணீரில் முக்கினேன். அதுவும் சிவப்பு. கொட்டகையில் கல்யாணத்துக்கு வாங்கி மிஞ்சிய கேன் தண்ணீர் இருந்தது. அதில் முக்கினேன். அதுவும் சிவப்பு.

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் என்ன நினைப்பான்? எல்லாவற்றுக்கும் ஒரே பதில் சொல்கிற சாட்சி மேல் சந்தேகப்படுவான். நான் என்ன நினைத்தேன்? காவிரியையே கெடுத்துவிட்டார்களே பாவிகள் என்று நினைத்தேன்.

அப்போதுதான் மகள் வைத்துவிட்டுப் போயிருந்த ஊதா டார்ச் கண்ணில் பட்டது. பாத்ரூமுக்குள் போனேன். பல்லில் அடித்தேன். பல் வெளிர்நீலமாக ஒளிர்ந்தது. ஒரு பல், இரண்டு பல் இல்லை. கடைவாய் வரைக்கும் சீரியல் செட் போட்ட மாதிரி. டார்ச்சைக் கீழே சாய்த்தேன். வேட்டி பளீரென்று எரிந்தது. பனியன் எரிந்தது. துணி வரைக்கும் ஏறிவிட்டது என்றால் எலும்பு என்ன கதி? வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தது அப்போதுதான்.

வெளியே வந்து மோட்டார் ரூமில் ஃபியூஸைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். எங்கள் போரிலிருந்து எதிர்வீட்டுக்கும் ஒரு குழாய் போகிறது. எதிர்வீட்டு அக்கா வீட்டில் கன்னடம் பேசுவாள், தெருவில் தமிழ் பேசுவாள், கோபம் வந்தால் இரண்டையும் பேசுவாள்.

"ஏனாய்த்து தம்பி? தண்ணி நின்னு போச்சு. தலைக்கு சீக்காய் போட்டுட்டு நிக்கறேன் நானு!"

"அக்கா, தலைய வுடுங்க. உசுரு இருந்தாத்தான் தலை. நம்ம தண்ணி வெசம்."

"அய்யோ தேவரே! யாரு கலக்கினது?"

"பூமியே கலக்கியிருக்குது."

தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தன் வீட்டுக் குடத்தோடு வந்துவிட்டாள். முக்கினேன். சிவப்பு. மாடித் தொட்டியின் அடியில் மிஞ்சியிருந்ததில் ஒரு சொம்பு கொண்டுவந்தாள். சிவப்பு. வேலியோரத்துத் தென்னையில் காலையில் இறக்கிய இளநீர் இருந்தது. வெட்டி அதில் முக்கினேன். சிவப்பு. அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். மரம் உறிஞ்சி மேலே அனுப்பியிருக்கிறது என்று நான் விளக்கம் கொடுத்தேன். விளக்கம் கொடுப்பதில் எனக்கு எப்போதும் குறையில்லை.

மோரிலும் முக்கினேன். அதில் மட்டும் முக்காமல் மிஞ்சிய நுனிதான் சிவந்தது.

"பாத்தீங்களாக்கா? மாடு பாதி வெசத்த வடிகட்டிடுச்சு."

"மாடு தெய்வம் தம்பி."

கடைசியாக ஒரு பட்டையை என் நாக்கிலேயே வைத்துப் பார்த்தேன். வாய் நிறைய வெற்றிலைச் சாறு. நாக்கில் வைத்த வெள்ளைக் காகிதமும் சிவந்துதான் வந்திருக்கும். எனக்கு அது உறைக்கவில்லை. "எனக்குள்ளயும் வந்துடுச்சு" என்று அடங்கிய குரலில் அறிவித்தேன். அக்கா அழ ஆரம்பித்தாள்.

சத்தம் கேட்டு மனைவி கைகளைத் துடைத்துக்கொண்டே சமையலறையிலிருந்து வந்தாள். மதில் மேல் வரிசையாகக் காயவைத்திருந்த ஒன்பது சிவப்புப் பட்டைகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, அது அந்தப் புள்ளையோட டப்பாதானே?"

"நீ பட்டைய எண்ணிக்கிட்டு இரு. இங்க உசுரு போவுது."

"யாருக்கு? நல்லாத்தானே நின்னு கத்திட்டிருக்கீங்க. குடுங்க இப்படி."

பிடுங்கினாள். அதே சொம்பு, அதே போர்த் தண்ணீர். முக்கினாள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை.

"உன்னப் பாத்து பயப்படுது," என்றேன்.

இன்னொன்றை முக்கினாள். மஞ்சள். நான் வாங்கி ஒன்றை முக்கினேன். சிவப்பு. அக்கா அழுகையை நிறுத்திவிட்டு, "இரு, நான் போடறேன்" என்று ஒன்றை முக்கினாள். மஞ்சள். அவள் என்னை விட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள்.

"தண்ணியில இல்ல தம்பி. நோயி உன்கிட்டதான்."

தெருவுக்கே வந்த ஆபத்து ஒரே நிமிஷத்தில் என் தனிச்சொத்தாகிவிட்டது. அக்கா தலையை அலசிக்கொள்ள ஃபியூஸைக் கேட்டாள். கொடுத்தேன். என் எலும்பைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை.

மதியம் வெயிலில் கருத்துப்போய் மகள் வந்தாள். பதினாறு பாட்டிலும் நிறைந்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஊர்ப் பெயர் ஒட்டியிருந்தது. மதிலைப் பார்த்தாள். ஹெல்மெட்டைக் கழற்றாமல் அப்படியே நின்றாள்.

"எத்தன?"

நான் சீட்டு விளையாட்டில் பிடிபட்டவன் மாதிரி மனைவியைப் பார்த்தேன். அவள் வானத்தைப் பார்த்தாள்.

"பதிமூணு," என்றேன். "ஆனா கண்ணு, பத்து செவப்பு. உன் மருந்து பிரமாதமா வேலை செய்யுது. காவிரி, இளநி, ஒண்ணுத்தையும் வுடல."

"இளநியா?"

"நாக்குகூட."

ஹெல்மெட்டைக் கழற்றினாள். மதிலுக்குப் போய், சிவந்த பட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, தண்ணீர் பட்ட பக்கத்தை விட்டுவிட்டு நான் பிடித்த நுனியையே பார்த்தாள். மோர் பட்டையை மட்டும் இரண்டு தடவை பார்த்தாள்.

"அப்பா, கையக் காட்டுங்க."

நீட்டினேன். வலது ஆள்காட்டி விரலிலும் கட்டைவிரலிலும், நகத்தோரம் வரைக்கும், வெற்றிலையில் தடவிய சுண்ணாம்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

பேச வேண்டாத நேரத்தில் பேசுவது என் மனைவியின் வழக்கம்.

"ஊர்ல ஒரு கல்யாணம் பாக்கியில்லாம ஆரத்தித் தட்ட வாடகைக்கு வுடறாரு. மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பு போட்டா செவக்கும்னு இவருக்குத் தெரியாதாம்."

"அது மஞ்சள். இது மருந்து," என்றேன்.

"கணக்கு ஒண்ணுதான்ப்பா," என்றாள் மகள். "சுண்ணாம்புத் தண்ணியில இருக்கறதும் ஒரு ஆனயான்தான். ஹைட்ராக்சைடு. இந்த மருந்து அதுக்கும் ஏமாறும். மோர்ல புளிப்பு இருந்ததால அது சுண்ணாம்ப முறிச்சிருக்கு."

"அப்ப பல்லு? பாத்ரூம்ல வெச்சு டார்ச் அடிச்சேன். எரியுது கண்ணு!"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு என்னைக் கையைப் பிடித்து, உண்மையில் மணிக்கட்டைப் பிடித்து, விரல் எதிலும் படாமல், இருட்டான சாமான் அறைக்குள் கூட்டிப்போனாள். அம்மாவையும் கூப்பிட்டாள். தன் பல்லில் அடித்தாள். ஒளிர்ந்தது. அம்மாவின் பல்லில் அடித்தாள். ஒளிர்ந்தது, என்னுடையதைவிட நன்றாகவே.

"எல்லார் பல்லும் இப்படித்தான்ப்பா. வேட்டி எரியறது சோப்புத் தூளு. ஃப்ளூரைடுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"பேரு மட்டும் எதுக்குச் சம்பந்தம் மாதிரி இருக்குது?"

"அப்பா, ப்ளீஸ்."

அந்த 'ப்ளீஸ்' எனக்குச் சுருக்கென்றது. கத்தியிருந்தால் நான் நாலு ஜோக் சொல்லித் தப்பித்திருப்பேன். அவள் கத்தவில்லை. அண்டா அடுக்கியிருந்த பக்கம் போய், கவிழ்த்த ஒரு பெரிய சோற்று டபராவின் மேல் உட்கார்ந்து, டப்பாவில் மிச்சமிருந்ததை எண்ணினாள். பதினொன்று. திரும்ப எண்ணினாள். எத்தனை தடவை எண்ணினாலும் பதினொன்றுதான். இருபத்துநாலுக்குப் பதில் பதினொன்றோடு திங்கட்கிழமை போய் நின்றால் அந்த மேடம் என்ன சொல்வார் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரிந்துவிட்டது. நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவள் ஆராய்ச்சி எனக்கு முழுசாகப் புரிந்தது. அதைக் கெடுத்த பிறகுதான் புரிந்தது.

"மேடம்கிட்ட நான் வந்து சொல்லட்டுமா? எங்கப்பன் ஒரு முட்டாள்னு எழுதிக் குடுக்கட்டுமா?"

"வேணாம்ப்பா. ஊருக்கு ஒண்ணு, நம்ம போருக்கு மூணு. அதாச்சும் இருக்கட்டும்."

"நம்ம போருக்கு எதுக்கு மூணு?"

"நீங்கதானே குடிக்கறீங்க," என்றாள்.

புளி போட்டுக் கையைத் தேய்த்தேன், சோப்புப் போட்டுத் தேய்த்தேன், அதன் பிறகும் என்னை வாசற்படிக்கு வெளியே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னார்கள். மனைவி ஒருபடி மேலே போய், மூச்சைக்கூட அந்தப் பக்கம் விடுங்கள் என்றாள்.

மகள் சமையல் மேடையில் பாட்டில்களை வரிசையாக வைத்து, பட்டைகளை இடுக்கியால் பிடித்து ஒவ்வொன்றாக முக்கினாள். முதல் ஊர் மஞ்சள். இரண்டாவது மஞ்சள். எட்டு ஊரும் மஞ்சள். எங்கள் போர், மூன்று தடவையும் மஞ்சள். ஒவ்வொன்றுக்கும் என் முட்டி வலி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

"பாத்தியா! நம்ம தண்ணி தங்கம்! அக்காவக் கூப்புடு!" என்று வாசலில் ஒரு சுற்று ஆடினேன். கட்டிய கையோடு ஆடியதால் பார்க்க எப்படி இருந்ததோ தெரியவில்லை.

மகள் திரும்பவில்லை. பதினொரு மஞ்சள் பட்டைகளையும் பார்த்துக்கொண்டு நின்றாள். நல்ல சேதிக்கு இந்த முகம் எதற்கு என்று எனக்கு எரிச்சலாக வந்தது. தண்ணீரில் விஷம் என்றால் கோபம், இல்லை என்றாலும் இப்படி நின்றால் மனுஷன் என்னதான் செய்வது?

"என்னா கண்ணு? நல்லதுதானே வந்திருக்குது?"

"மூணாவதா முக்கின ஊர்ல, பைப்புகிட்ட நின்ன பசங்க எல்லாருக்கும் பல்லு பழுப்பா இருந்துச்சுப்பா. அது செவந்தே ஆகணும்."

"அப்ப?"

"லேப்ல நாங்க போட்டது தண்ணியில இல்ல. வேற ஒரு திரவத்துல. குப்பியில இருந்ததும் அதுதான். அதுல ஃப்ளூரைடு தனியா நிக்கும், மருந்து புடிச்சிக்கும். தண்ணியில அத சுத்தித் தண்ணியே நிக்குது. மருந்தால கிட்டப் போக முடியல போல."

இது எனக்கு உடனே புரிந்தது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் மொய்த்துக்கொண்டிருந்தால் போட்டோகிராபர் எம்பி எம்பிப் பார்ப்பான், ஒன்றும் கிடைக்காது. அதைச் சொன்னேன். முதல் தடவையாக அவள் லேசாகச் சிரித்தாள். அப்புறம் டப்பாவை மூடினாள்.

"அப்ப நான் பதிமூணு வீணாக்கலைன்னா?"

"பதிமூணும் மஞ்சளாத்தான் இருந்திருக்கும்ப்பா."

இதைக் கேட்டு நான் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். குற்றம் என்னுடையது இல்லையாம். ஆனால் என் மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தபோது அவள் முகத்தில் கொஞ்சம் தெம்பு இருந்தது. இப்போது கோபப்படவும் ஆளில்லை. அவளுக்காக இன்னும் ஒரு மணி நேரம் முட்டாளாக இருக்க நான் தயாராகத்தான் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொரப்பூரில் ரயிலேற்றிவிட்டேன். பாட்டில் பையை நான்தான் தூக்கினேன். வெற்றிலை போடாமல் போயிருந்தேன். அவள் அதைக் கவனித்தாளா தெரியாது.

திங்கட்கிழமை கல்லூரியில் எல்லாத் தண்ணீரையும் மீட்டரில் அளந்திருக்கிறார்கள். ஐந்து ஊர்த் தண்ணீரில் ஃப்ளூரைடு அளவுக்கு மேல் இருந்தது. எங்கள் போரிலும் அளவுக்கு மேல். பட்டை அதில் எதையும் காட்டவில்லை. அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு, தண்ணீரில் வேலை செய்கிற வேறு மருந்தை மகள் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.